மேல்தாடைக் குழியும் எலும்பு ஒட்டும்: சின்னக்கானலை முன்வைத்து ஒரு விசாரணை

போடிநாயக்கனூரைவிட்டுப் போடிமெட்டு மலைப்பாதையில் ஏறி, கேரள எல்லையைக் கடந்து மூணாறு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையின் அருகே, தேயிலையும் ஏலமும் விளையும் சரிவுகளுக்கிடையில், சூரியநெல்லிக்கும் ஆனையிறங்கல் அணைக்கும் பக்கத்தில் அமைந்திருக்கும் சின்னக்கானலைப் பத்திரிகை வாசகர்கள் பெரும்பாலும், 2023-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அங்கிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்ட அரிக்கொம்பன் என்ற யானையின் பெயரோடு சேர்த்துத்தான் அறிந்திருப்பார்கள். அந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகத் தோட்ட வேலை செய்து வாழும் தமிழ்க் குடும்பங்களில் ஒருவருக்கு மேல்வரிசைக் கடைவாய்ப் பற்கள் விழுந்து சில ஆண்டுகள் ஆனபின், தேனியிலோ மதுரையிலோ கோதமங்கலத்திலோ கோட்டயத்திலோ இருக்கும் ஒரு பல் வைத்தியரிடம் சென்று, 'கழற்றி மாட்டும் பல் செட் வேண்டாம், நிலையான பல் வேண்டும்' என்று கேட்டால், 'இம்பிளாண்ட் வைக்கலாம். ஆனால் மேலே எலும்பு போதாது. சைனஸை உயர்த்தி எலும்புத் தூள் நிரப்ப வேண்டும்' என்ற பதில் வருவதற்கு இன்று மிகுந்த இடம் உண்டு. அந்தப் பதிலில் அடங்கியிருக்கும் விஷயங்கள் யாவை, நிரப்பப்படும் எலும்பு எங்கிருந்து வருகிறது, அது உள்ளே போய் என்ன காரியம் செய்கிறது, மலைமேல் வாழும் ஒரு கூலித் தொழிலாளிக்கு அது எந்த அளவுக்கு அவசியம் என்பவற்றைச் சற்று நிதானமாகப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூக்கின் இருபுறத்திலும், கன்னத்து எலும்புக்குள், கடைவாய்ப் பற்களின் வேர்களுக்கு நேர்மேலே, காற்று மாத்திரம் நிறைந்த ஓர் அறை இருக்கிறது; சைனஸ் என்று வைத்தியர் சொன்னது அதையே. லியனார்டோ டா வின்சி பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அதனைச் சித்திரமாகத் தீட்டியிருந்தபோதிலும், 1651-இல் வெளியான தமது உடற்கூற்று நூலில் விரிவாக வர்ணித்த நதானியல் ஹைமோர் என்ற ஆங்கில வைத்தியரின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. அவ்வறையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் சவ்வு சாதாரணமாக ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இராது. அது ஈரமும் நுண்ணிய மயிரிழைகளும் கொண்டது. தன்மேல் படியும் தூசியையும் சளியையும் மூக்கை நோக்கித் தள்ளி, ஒரு சிறு துவாரத்தின் வழியே வெளியேற்றிக்கொண்டே இருப்பது அதன் நித்தியத் தொழில். பற்கள் உள்ளவரை இந்த அறைக்கும் பல்லுக்கும் இடையே போதிய எலும்பு நிற்கிறது. பல்லைப் பிடுங்கிவிட்டாலோ, மெல்லும்போது வேரின் வழியே வந்துகொண்டிருந்த அழுத்தம் நின்றுபோய், அந்த எலும்பு இரண்டு பக்கத்திலிருந்தும் தேயத் தொடங்குகிறது. கீழ்ப்புறத்தில் ஈறு மேடு மாதக் கணக்கில் குறுகுகிறது. மேற்புறத்தில் காற்றறை கீழ்நோக்கி விரிகிறது. பத்து மில்லிமீட்டருக்கு மேல் எலும்பு இருந்த இடத்தில் சில ஆண்டுகளில் மூன்றோ நான்கோ மில்லிமீட்டர் மிஞ்சுவது அபூர்வமன்று. மிஞ்சியதும், தாடையின் மற்றப் பாகங்களோடு ஒப்பிட, மென்மையும் துளைகளும் மிகுந்த எலும்பு.

அந்த மெல்லிய எலும்பில் இம்பிளாண்ட் எனப்படும் ஓர் உலோகத் திருகைப் பதித்து அதன்மேல் பல் கட்டலாம் என்ற எண்ணமே 1950-க்கு முன் பெரும்பாலோருக்குத் துணிச்சலாகத் தோன்றியிருக்கும். சுவீடனில் பெர்-இங்வார் பிரோனேமார்க் என்ற ஆராய்ச்சியாளர் 1952-ஆம் ஆண்டுவாக்கில் முயலின் காலெலும்பில் ரத்த ஓட்டத்தைக் காண்பதற்காக டைட்டானியக் கருவியொன்றைப் பொருத்தி, பரிசோதனை முடிந்தபின் அதனைக் கழற்ற முயன்றபோது, எலும்பு அதனோடு ஒன்றிப்போய்க் கழலாமல் நின்றதைக் கண்டார். 1965-இல் யோஸ்தா லார்சன் என்பவருடைய தாடையில் முதன்முதலாக டைட்டானிய வேர்களைப் பதித்தார். 1982-இல் டொரண்டோ நகரில் நடந்த மாநாட்டில் வட அமெரிக்கப் பல் மருத்துவ உலகம் இதனை அங்கீகரித்தது. ஆயினும் மேல்தாடையின் பின்புறம் அதற்குள்ளேயே தனியொரு பிரச்சினையாக எழுந்துவிட்டிருந்தது. அமெரிக்காவில் அலபாமாவைச் சார்ந்த ஹில்ட் டேட்டம், காற்றறையின் சவ்வைக் கிழிக்காமல் மேலே தூக்கி, அடியில் எலும்பை நிரப்பலாம் என்று 1976-இல் தம் சகாக்களுக்கு விளக்கினார். இடுப்பெலும்பின் மஜ்ஜையை எடுத்து அவ்விடத்தில் நிரப்பிய அநுபவத்தை பாய்ன், ஜேம்ஸ் என்னும் இருவர் 1980-இல் எழுத்தில் வெளியிட்டனர். பக்கச் சுவரைத் திறக்காமல், இம்பிளாண்டுக்காக ஈறு மேட்டில் இடும் துளையின் வழியாகவே சிறு உளிகளால் தட்டிச் சவ்வை உயர்த்தும் எளிய முறையை 1994-இல் ராபர்ட் சம்மர்ஸ் விவரித்தார். எஞ்சிய எலும்பு ஐந்தாறு மில்லிமீட்டருக்குக் குறையாதிருந்தால் இந்த இரண்டாம் முறையும், அதற்கும் கீழே போய்விட்டால் பக்கச் சுவரைத் திறக்கும் முதல் முறையும் என்று வழக்கம் ஏற்பட்டிருக்கிறது.

பக்கச் சுவரைத் திறக்கும் ரண சிகிச்சையை அருகிலிருந்து பார்ப்பவருக்கு அதன் நுட்பம் வியப்பை உண்டாக்கும். மரத்துப்போக ஊசி போட்டு, ஈறை விலக்கி, கன்னத்து எலும்பின் வெளிச்சுவரில் விரல் நகத்தளவான ஜன்னல் ஒன்று வெட்டப்படுகிறது. அந்தச் சுவருக்குள் ஓடும் ஒரு சிறு ரத்தக் குழாயை முன்கூட்டியே முப்பரிமாண ஸ்கேனில் பார்த்து வைத்திராவிட்டால் அங்கேயே ரத்தம் பீறிட்டு வேலை தடைப்படும். எலும்பு முழுவதும் தேய்க்கப்பட்டு நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் சவ்வு தெரியத் தொடங்கும் கணத்திலிருந்து வைத்தியரின் கை மெதுவாகிவிடுகிறது. கோழி முட்டையின் ஓட்டுக்குள் ஒட்டியிருக்கும் தோலைப் போன்றதே இந்தச் சவ்வு. இந்த வித்தையைப் பழகும் வைத்தியர்கள் மேசைமேல் பச்சை முட்டையை வைத்து, உள்தோல் கிழியாமல் ஓட்டை மட்டும் சுரண்டி எடுத்துக் கையைப் பழக்கிக்கொள்ளும் வழக்கமும் உண்டு. வளைந்த, முனை மழுங்கிய கருவிகளை எலும்பைவிட்டு அகலாமல் நகர்த்தி, சவ்வை அடியிலிருந்தும் முன்னிருந்தும் பின்னிருந்தும் சிறிது சிறிதாகப் பிரிக்கும்போது, நோயாளி மூச்சை இழுத்து விடுவதற்கேற்ப அது ஏறி இறங்குவது கண்ணுக்குத் தெரியும். அந்த அசைவே சவ்வு கிழியவில்லை என்பதற்குச் சாட்சி. கிழிந்துவிட்டால், சிறு கிழிசலுக்குக் கொலாஜன் துண்டை ஒட்டி மேலே தொடர்வார்கள்; பெரிய கிழிசலாயின் ஈறைத் தைத்து மூடிச் சில மாதங்கள் கழித்து வரச் சொல்வதே விவேகம். உயர்ந்த சவ்வுக்கும் எலும்புத் தரைக்கும் இடையில் கிடைத்த வெற்றிடத்தில், உப்பு நீரிலோ நோயாளியின் ரத்தத்திலோ நனைத்த துகள்கள் நிரப்பப்படுகின்றன. அவற்றை இறுக்கி அடைப்பதில்லை. துகள்களுக்கு இடையே புதிய ரத்தக் குழாய்கள் புகுவதற்கு வழி இருந்தாக வேண்டும். அதன்பின் ஜன்னலுக்கு ஒரு மூடுபடலம், ஈறுக்குத் தையல், பிறகு ஆறு மாத அளவுக்குக் காத்திருத்தல்.

இனி அந்தத் துகள் என்ன என்பதே நம்முடைய முக்கியமான கேள்வி. நால்வகையாக அதனைப் பிரிக்கிறார்கள்.

நோயாளியின் சொந்த எலும்பே நீண்ட காலம் உத்தமமானதாகக் கருதப்பட்டு வந்தது. மோவாயிலிருந்தோ, கீழ்த்தாடையின் பின்கோணத்திலிருந்தோ, அதிகம் வேண்டியிருந்தால் இடுப்பிலிருந்தோ அதை எடுக்கிறார்கள். உயிருள்ள அணுக்களும் எலும்பை வளரத் தூண்டும் புரதங்களும் அதில் இருக்கின்றன. இதன் குறை இரண்டு: ஒன்று, பல்லுக்காக வந்தவர் இடுப்பிலும் வலியோடு வீடு திரும்ப நேர்வது, மற்றொன்று, உடல் அந்த எலும்பை விரைவில் கரைத்துக்கொள்வதால் நிரப்பிய உயரம் குறைந்துபோவது.

இரண்டாவது, பிற மனிதரின் எலும்பு. லாஸ் ஏஞ்சலஸில் மார்ஷல் யூரிஸ்ட் 1965-இல் ஒரு முக்கியமான உண்மையை வெளியிட்டார்: சுண்ணாம்புச் சத்து நீக்கப்பட்ட எலும்பைத் தசைக்குள் வைத்தால், எலும்பே இல்லாத அந்த இடத்திலும் புதிய எலும்பு முளைக்கிறது. தானம் பெற்ற எலும்பைப் பதப்படுத்திப் பயன்படுத்தும் முயற்சிகளுக்கு இது பெரும் ஊக்கம் தந்தது. நம் நாட்டில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 1988-இல் தொடங்கப்பட்ட திசு வங்கி, தானமாகக் கிடைக்கும் எலும்பைக் கழுவி, உறைய வைத்து உலர்த்தி, காமா கதிரால் கிருமி நீக்கி அளித்து வருகிறது. இந்த ஏற்பாட்டைப் பற்றி நம்மவர்களுக்கு, பல் வைத்தியர்கள் சிலருக்கும்கூட, போதிய அளவு தெரியாதிருப்பது வருந்தத்தக்கது.

மூன்றாவது, மிருகங்களின் எலும்பு. உலகெங்கும் இந்தச் சிகிச்சையில் மிகுதியாக ஆராயப்பட்டிருப்பது, மாட்டெலும்பிலிருந்து சேதனப் பொருள்களையெல்லாம் அகற்றிக் கனிமப் பகுதியை மட்டும் நிறுத்தி வைத்த துகள். உடல் அதனை மிக மிக மெதுவாகவே கரைக்கிறது; பத்தாண்டுக்குப் பின் எடுத்த மாதிரிகளிலும் அந்தத் துகள்கள் புதிய எலும்பின் நடுவே அப்படியே கிடந்ததைக் கண்டிருக்கிறார்கள். நிரப்பிய உயரம் குறையாமல் நிற்பதற்கு இதுவே காரணமாதலால், வைத்தியர்கள் இதனை விரும்புகிறார்கள்.

நான்காவது வகை செயற்கையானது. ஹைட்ராக்ஸி அபடைட், டிரைகால்சியம் பாஸ்பேட், உயிரிணக்கக் கண்ணாடி முதலியவை இதில் அடங்கும். சின்னக்கானல் சார்ந்திருக்கும் அதே கேரள மாநிலத்தின் தலைநகரில், இருதய வால்வை நம் நாட்டிலேயே செய்து 1990-இல் மனிதருக்குப் பொருத்திக் காட்டிய ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ விஞ்ஞானக் கழகம், எலும்புக் குறைகளை நிரப்பும் இத்தகைய பீங்கான் பொருள்களையும் கால்சியம் பாஸ்பேட் சாந்தையும் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கியிருக்கிறது. ஜன்னலை மூடும் கொலாஜன் படலத்தை எடுத்துக்கொண்டாலும் நமக்குப் பெருமைக்குரிய ஒரு தொடர்பு தென்படுகிறது. எலும்பின் சேதனப் பகுதியில் பெரும்பங்கு வகிக்கும் கொலாஜன் என்னும் புரதத்தின் மூவிழை முறுக்கு அமைப்பை, எர்ணாகுளத்தில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகப் பேராசிரியராக அமர்ந்த ஜி. என். ராமச்சந்திரனும் அவருடைய சகாவான கோபிநாத் கர்த்தாவும் 1954-இல் உலகுக்கு வெளியிட்டார்கள். அந்த ஆராய்ச்சிக்கு வேண்டிய தூய கொலாஜன், கங்காருவின் வால் தசைநாண் வடிவில், அடையாற்றுத் தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்தே கிடைத்தது.

இந்த நான்கையும் குறித்து வைத்தியர்களின் கூட்டங்களில் நடக்கும் வாதங்களைக் காட்டிலும், நோயாளியிடம் இவற்றில் எது வைக்கப்படுகிறது என்று சொல்லும் பழக்கம் முக்கியமானது என்பது என் திடமான அபிப்பிராயம். 'உள்ள என்ன டாக்டர் வெக்கிறீங்க?' என்று ஒரு தோட்டத் தொழிலாளி கேட்டால், 'எலும்புத் தூள்' என்ற ஒரே வார்த்தையில் பதில் முடிந்துவிடுவதுண்டு. அது மாட்டின் எலும்பு என்றால் வேண்டாம் என்பவர்கள் நம்மில் அநேகர். மூடுபடலங்களில் சில பன்றியின் திசுவிலிருந்து செய்யப்படுவதால், அதனை ஏற்க மனம் ஒவ்வாத முஸ்லிம் அன்பர்களும் உண்டு. மனச்சாட்சி சம்பந்தப்பட்ட இவ்விஷயம் ரண சிகிச்சையில் புதிதாகத் தோன்றியதன்று. 1668-இல் யோப் வான் மீக்கரன் என்ற டச்சு வைத்தியர் பதிவு செய்த வரலாற்றில், மண்டை பிளந்த ரஷ்ய வீரன் ஒருவனுக்கு நாயின் மண்டையோட்டெலும்பை வைத்துக் குணப்படுத்திய செய்தி வருகிறது. அதற்காகத் திருச்சபை அவனை விலக்கி வைக்கவே, அந்த எலும்பை எடுத்துவிடும்படி அவன் வேண்டியதாகவும், அது முற்றிலும் பொருந்திப்போனதால் எடுக்க இயலவில்லையென்றும் அதில் சொல்லப்பட்டிருக்கிறது. வைத்தபின் எடுக்க முடியாத ஒன்றை வைக்குமுன் சொல்லியாக வேண்டும். அதுவும் நோயாளி கையெழுத்திடும் தாள் ஆங்கிலத்தில் மட்டும் அச்சாகி இருப்பதால் பயனில்லை. சின்னக்கானல் தமிழருக்கு அது தமிழில் இருக்க வேண்டும்.

இத்தனை வகைகளில் எது மேலானது? சவ்வை உயர்த்தும் சிகிச்சையைப் பற்றி 2008-இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, 48 ஆய்வுகளையும் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட இம்பிளாண்டுகளையும் கணக்கில் எடுத்து, மூன்று ஆண்டுகளின் முடிவில் 90.1 சதவீதம் நிலைத்திருந்தன என்றும், மேற்பரப்பு சொரசொரப்பாக்கப்பட்ட இம்பிளாண்டுகளில் இந்த விகிதம் கணிசமாக உயர்ந்தது என்றும், சவ்வு கிழிந்த சந்தர்ப்பங்கள் 19.5 சதவீதம் என்றும் கூறியது. சொந்த எலும்பு வைத்த இடத்தில் முதல் மாதங்களில் புதிய எலும்பு மிகுந்து காணப்பட்டாலும், ஒன்பது மாதத்துக்குப் பின் மற்றப் பொருள்களுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் தேய்ந்துவிடுகிறது என்று வேறோர் ஆய்வு கண்டது. இவற்றைவிடச் சிந்தனையைத் தூண்டுவது சுவீடனின் உமியோ நகரத்தில் நேர்ந்த அநுபவம். அங்கே ஸ்டெஃபான் லுண்ட்கிரெனும் அவருடைய சகாக்களும் ஒரு நோயாளியின் காற்றறையிலிருந்து நீர்க்கட்டி ஒன்றை அகற்றியபின், எதையும் நிரப்பாமல் விட்ட அந்த இடத்தில் எலும்பு தானாகவே வளர்ந்திருந்ததைக் கண்டார்கள். அதன்மேல் ஆலோசித்து, சவ்வைத் தூக்கி இம்பிளாண்டையே கூடாரக் கம்பமாக நிறுத்தி, ரத்தக் கட்டி ஒன்றைத் தவிர வேறெதுவும் வைக்காமல் சிகிச்சை செய்து, புதிய எலும்பு தோன்றுவதை 2004-இல் அறிவித்தார்கள்.

இதிலிருந்து நான் பெறும் முடிவு இது: நிரப்பப்படும் துகள் எலும்பைப் படைப்பதில்லை, சவ்வு மீண்டும் கீழே அமிழ்ந்துவிடாமல் இடத்தைக் காத்து நிற்கிறது. எலும்பைப் படைப்பது சுற்றிலுமுள்ள சுவர்களிலிருந்து வரும் ரத்தமும் உயிரணுக்களுமே. ஆகவே, சவ்வு முழுமையாக இருப்பதும், ரத்தக் கட்டி அசையாதிருப்பதும், கிருமி புகாதிருப்பதும், போதிய மாதங்கள் பொறுத்திருப்பதும் பொருளின் பெயரைவிடப் பெரிய விஷயங்கள். விலை உயர்ந்த புட்டியைக் காட்டி, 'இதனால்தான் செலவு' என்று சொல்லப்படும்போது நோயாளி இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். எஞ்சிய எலும்பு ஆறேழு மில்லிமீட்டர் இருக்குமானால், எட்டு மில்லிமீட்டருக்கும் குறைந்த நீளமுள்ள குட்டையான இம்பிளாண்டை நேரடியாக வைத்து, சவ்வைத் தொடாமலே வேலையை முடித்த ஆய்வுகளில், சில ஆண்டுகள் வரைக்குமான பலன் ஒத்தே இருந்தது. உபத்திரவங்கள் குறைந்தே இருந்தன. அத்தகைய நோயாளிக்கும் வழக்கத்தின் பேரில் ஜன்னலை வெட்டுவது தகாத காரியம். இரண்டு மூன்று மில்லிமீட்டரே மிஞ்சியவருக்கு நிலைமை வேறு; அங்கே இடத்தை நிரப்பிக் காக்கும் பொருளைத் தவிர்ப்பதற்கு இன்னும் போதிய ஆதாரம் இல்லை.

மலைமேல் வாழ்பவரைப் பொறுத்தவரை இந்தக் கணக்கில் வேறு சில அம்சங்களும் சேர்கின்றன. ஸ்கேனுக்கு ஒரு முறை, சிகிச்சைக்கு ஒரு முறை, தையல் பிரிக்க ஒரு முறை, ஆறு மாதம் கழித்து இம்பிளாண்டுக்கு ஒரு முறை, மறுபடியும் மூன்று நான்கு மாதம் சென்று அளவெடுக்கவும் பல் பொருத்தவும் என்று, ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலியை இழந்து மலையிறங்க வேண்டும். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்கு வைத்திய வசதி அளிக்கும் பொறுப்பை நிர்வாகத்தின்மேல் சுமத்தியிருந்தபோதிலும், இம்பிளாண்டு அதன் எண்ணத்தில் இருந்ததில்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியோருக்குக் கேரள அரசு 'மந்தஹாசம்' என்ற திட்டத்தின்கீழ் இலவசமாகப் பல் செட் கட்டித் தருகிறது. நல்ல முறையில் செய்த பல் செட்டினால் திருப்தியாக ஆகாரம் உண்ணக்கூடியவரை, நிலையான பல்லின் ஆசை காட்டிக் கடனில் இறக்குவதைவிட, அந்தத் திட்டத்தின் விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுப்பது வைத்தியருக்கு அழகு.

குளிரிலும் மழையிலும் கொழுந்தெடுப்பவர்களிடம் பாக்கும் புகையிலையும் சேர்ந்த வெற்றிலைப் பழக்கம் இருக்குமானால் அதையும் மறைக்காமல் கேட்டறிய வேண்டும். பாக்கினால் கன்னத்தின் உட்புறம் நார்போல் இறுகி வாய் திறப்பது குறையும் நோயை பம்பாயில் எஸ். ஜி. ஜோஷி 1953-இலேயே விவரித்திருக்கிறார். அப்படி இறுகிய வாயில், கடைசிப் பல்லின் இடத்துக்குத் துளையிடும் கருவியைக் கொண்டுசெல்லவே முடியாமற்போகலாம். அதற்குமேல், அந்நோய் புற்றாக மாறும் அபாயமுள்ளதாகையால், இம்பிளாண்டுக்கு முன் கவனிக்க வேண்டியது அதுவே. புகைபிடிப்பவர்களிடம் இம்பிளாண்டு தோற்கும் விகிதம் உயர்கிறது என்பதும் பல ஆய்வுகளில் உறுதிப்பட்ட செய்தி.

இன்னொன்று, சமவெளியில் தொழில் செய்யும் வைத்தியரின் நினைவுக்கு எளிதில் வராதது. சிகிச்சை முடிந்ததும் மூக்கைச் சிந்தாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள், உறிஞ்சுகுழாயில் குடிக்காதீர்கள், சில வாரம் விமானத்தில் போகாதீர்கள் என்று நோயாளிக்குச் சொல்கிறார்கள். காற்றறைக்குள் அழுத்தம் திடீரென்று மாறிச் சவ்வைத் தள்ளிவிடக்கூடாது என்பதே அத்தனைக்கும் காரணம். தேனிப் பக்கத்திலிருந்து போடிமெட்டு வழியாகச் சின்னக்கானலுக்கு ஏறும் ஜீப்பில் காது அடைத்துத் திறப்பதை அறியாதவர் இல்லை; ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட அந்த ஏற்றத்தில் காற்றழுத்தம் பத்தில் ஒரு பங்குக்குக் குறையாமல் இறங்குகிறது. மூக்குக்குச் செல்லும் சிறு துவாரம் திறந்திருந்தால் உள்ளும் புறமும் அழுத்தம் தானே சமனாகிவிடும். வீக்கத்தாலோ உறைந்த ரத்தத்தாலோ அது அடைபட்டிருந்தால் ஆகாது. ஆகையால் மலைநாட்டு நோயாளிக்கு, சளியும் சைனஸ் தொந்தரவும் இல்லாத காலத்தில், அந்தத் துவாரம் திறந்திருப்பதை ஸ்கேனில் உறுதிசெய்துகொண்டே இதைச் செய்ய வேண்டும். அன்று மாலையே மலையேற்றி அனுப்பாமல், போடியிலோ தேனியிலோ உறவினர் வீட்டில் சில நாள் தங்கி, ரத்தக் கசிவும் வீக்கமும் அடங்கியபின் புறப்படச் சொல்வது நலம். வைத்த பொருளின் பெயர், அதன் தொகுதி எண், தேதி, எஞ்சியிருந்த எலும்பின் அளவு, சவ்வு கிழிந்ததா இல்லையா என்ற விவரம் எல்லாவற்றையும் ஒரு சீட்டில் எழுதி அவர் கையில் கொடுத்தனுப்பவும் வேண்டும். ஏனெனில், நடுவில் கன்னம் வீங்கிக் காய்ச்சல் கண்டால் அவர் முதலில் போய் நிற்கப்போவது மூணாற்றிலோ அடிமாலியிலோ உள்ள, இந்தச் சிகிச்சையைப் பற்றி ஒன்றுமே அறிந்திராத, வேறொரு வைத்தியரின் முன்னால்.